குண்டானை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பதில்கள்

சமையலறை மெஷின்களுக்குப் பெரிய தொகை செலவழிக்கப் போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் போன இதழில் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃப்ரிட்ஜைப் பற்றியவை. வீட்டில் இரவு பகலாக, வருஷம் முழுக்க ஓடுகிற மெஷின் அதுதான் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கோவையில் ஐ.டி.ஐ. முடித்து, 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் தொழில் கற்றவன் நான். இன்று என்னைக் கூப்பிடும் பல வீடுகளில் இரண்டு கதவு அக்கம்பக்கமாகத் திறக்கும் சைடு-பை-சைடு நிற்கிறது. ஆனால் மெஷின் செய்யும் வேலை அன்றும் இன்றும் ஒன்றேதான்: உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது. அதற்கு இடமும் காற்றும் நல்ல கரண்டும் கொடுக்கிற வீட்டில் மெஷின் நீண்ட நாள் உழைக்கும். கொடுக்காத வீட்டில் எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் சீக்கிரம் படுத்துவிடும். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

*

புது வீடு கட்டி முடித்திருக்கிறோம். நாங்கள் நாலு பேர். ஒன்றரை லட்சத்துக்குள் ஃப்ரிட்ஜ் வாங்க எண்ணம். எனக்கு சைடு-பை-சைடு பிடித்திருக்கிறது. கணவர் ஃப்ரெஞ்ச் டோர்தான் வேண்டும் என்கிறார். எதை வாங்கலாம் ஐயா? – வாசகி, மதுரை

நான் உங்கள் கணவர் பக்கம் அம்மா. அகலம்தான் காரணம்.

சைடு-பை-சைடின் மொத்த அகலம் 91 செ.மீ. அளவில் இருக்கும். பார்க்கப் பெரியது. ஆனால் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தடுப்பு ஓடுகிறது. ஒரு பக்கம் முழுக்க ஃப்ரீஸர். மிச்சப் பக்கத்தில் தட்டின் அகலம் ஒன்றரை அடியை ஒட்டித்தான் கிடைக்கும். வாரக்கணக்கில் இறைச்சியும் சமைத்த உணவும் உறையவைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கு இந்தப் பங்கீடு சரி. நம் வீடுகளில் ஃப்ரீஸரில் ஐஸ் தட்டும் பட்டாணிப் பாக்கெட்டும் ஞாயிற்றுக்கிழமை மீதமான கறியும் இருக்கும். ஃப்ரீஸர் அல்லாத பக்கத்தில்தான் நெரிசல். மாவுக் குண்டான், பால் பாத்திரம், நேற்றைய குழம்பு, தேங்காய் மூடி, கீரைக்கட்டு, பூ, மருந்து என்று எல்லாமே அங்கேதான். ஃப்ரெஞ்ச் டோரில் மேலே இரண்டு கதவு, ஃப்ரீஸர் கீழே போய்விடும். மேலே முழு அகலத்துக்கும் தட்டு கிடைக்கும். நீங்கள் அடிக்கடி எடுக்கிற பொருள் குனியாமல் கைக்கு எட்டும். ஒரு எச்சரிக்கை: நாலு கதவு மாடல்கள் சிலவற்றில் கீழ்ப்பாதியை மட்டும் இரண்டாகப் பிரித்திருப்பார்கள், அது பரவாயில்லை. மேல்பாதி முழு அகலமா என்று மட்டும் திறந்து பாருங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் மாவுக் குண்டானையும் ஒரு அளவு டேப்பையும் எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம். குண்டானை உள்ளே வைத்து, மூடியோடு நிற்கிறதா, பின்பக்கம் காற்று வரும் துளையை மறைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் கணக்கு கண்ணாடித் தட்டும் டிராயரும் போக எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லாது. குண்டான் சொல்லிவிடும்.

அப்புறம் வீட்டுக்குள் வரும் வழி. வாசல், ஹால் திருப்பம், சமையலறை நிலை, மாடியானால் படி அல்லது லிஃப்ட், எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் சமையலறை நிலை பல வீடுகளில் இரண்டரை அடிதான், அதாவது சுமார் 76 செ.மீ. 91 செ.மீ. மெஷின் அதில் நேராக நுழையாது. கதவுகளைக் கழற்றினால் பல மாடல்களில் ஆழம் 60, 65 செ.மீ. அளவுக்குக் குறையும், பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம். கதவு கழற்றுவது கம்பெனி ஆள் செய்ய வேண்டிய வேலை. டெலிவரி வண்டியோடு வரும் பையன்கள் அவசரத்தில் கீல் பக்கத்து ஒயரை இழுத்துவிடுவார்கள். வாங்கும் போதே இதைப் பேசி பில்லில் எழுதி வாங்குங்கள்.

வைக்கும் இடத்தில், சுவரை ஒட்டி மூலையில் நிறுத்தினால் அந்தப் பக்கக் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காது. கதவு முழுதாகத் திறக்காவிட்டால் காய்கறி டிராயர் வெளியே வராது. கழுவுவதற்குக்கூட எடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுகிற வீடுகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். புது வீடு என்பதால் உங்களுக்கு இன்னும் இடம் மாற்ற வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, பணத்தை எதில் போடுவது என்ற கேள்வி. எவாப்பரேட்டர் எத்தனை என்று கேளுங்கள். எவாப்பரேட்டர் என்பது குளிர் உண்டாகும் காயில், அதாவது சுருள் குழாய். ஒன்றே ஒன்று இருந்தால் ஃப்ரீஸரில் சுற்றுகிற அதே காற்றுதான் மற்ற அறைக்கும் வரும். உலர்ந்த காற்று, கீரை சீக்கிரம் வாடும். கறி, கருவாடு வாசனை மாவுக்கு ஏறும். மல்லிகைப்பூ வாசனை ஐஸில் வரும். இரண்டு எவாப்பரேட்டர் இருந்தால் இரண்டு அறைக் காற்றும் தனித்தனி. சாம்சங் இதை ட்வின் கூலிங் என்கிறது, லீபெர் டுவோகூலிங் என்கிறது. அமெரிக்க சப்-ஸீரோ ஒரு படி மேலே போய் கம்ப்ரசரையே இரண்டாக வைக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கதவில் டச் ஸ்கிரீனுக்கும், தட்டினால் விளக்கெரியும் கண்ணாடிக்கும் கொடுக்கும் கூடுதல் பணத்தை இதற்குக் கொடுங்கள். அந்த ஸ்கிரீன் ஆறேழு வருஷம் கழித்துப் பழுதானால் பார்ட் கிடைப்பது கஷ்டம். காயில் அப்போதும் குளிர்விக்கும்.

*

எங்கள் இன்டீரியர் டிசைனர், ஃப்ரிட்ஜே வெளியே தெரியாமல் அலமாரிக் கதவுக்குள் மறைத்துவிடலாம் என்கிறார். வெளிநாட்டு பில்ட்-இன் மாடல் மூன்று லட்சத்துக்கு மேல். அதற்குப் பதிலாக சாதாரண ஃப்ரிட்ஜையே அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டால் என்ன? வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரம். – வாசகர், திருவான்மியூர், சென்னை

வேண்டாம் ஐயா. இரண்டாவது யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

சாதாரண ஃப்ரிட்ஜ் தன் சூட்டைப் பக்கச் சுவர்கள் வழியாகவும் பின்பக்கம் வழியாகவும் வெளியே விடுகிறது. பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது அதனால்தான், அது பழுது இல்லை. அதைப் பலகைப் பெட்டிக்குள் அடைத்தால் தான் வெளியே விட்ட சூட்டிலேயே அது நிற்க வேண்டும். கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், சில வருஷத்தில் கம்ப்ரசர் போகும். மேனுவலில் பக்கத்துக்கு, பின்னால், மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அலமாரிக்காரர் அதைப் படிக்க மாட்டார், நீங்கள் படியுங்கள்.

பில்ட்-இன் மாடலின் அமைப்பே வேறு. கீழே பீடத்து வழியாகக் காற்று உள்ளே போய், பின்பக்கமாக ஏறி, மேலே வெளியேறும். பல ஐரோப்பிய கம்பெனிகள் இந்தக் காற்று வழி குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. 50 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் உள்ள ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும். நம் தச்சர்கள் அழகுக்காக மேல்வாயை ஃபால்ஸ் சீலிங்கோடு சேர்த்து மூடிவிடுகிறார்கள். டிசைனர் தரும் வரைபடத்தில் இந்த இரண்டு வாயும் எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

இன்னொன்று, மெஷினுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். என் (N) என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, எஸ்.டி. (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை சரியாக வேலை செய்யும் என்று பொருள். அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத சென்னைச் சமையலறைக்கு டி வேண்டும். எஸ்.என்-டி (SN-T) என்று இருந்தாலும் சரி, அதிலும் மேல் எல்லை 43தான். எஸ்.டி.யில் முடிகிற மெஷினை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

கடற்காற்றுக்கு முழுத் தீர்வு கிடையாது. உப்பு ஈரம் இரும்புக் குழாயை அரிக்கும், ஊசிமுனை ஓட்டை விழும், உள்ளே இருக்கும் குளிரூட்டும் கேஸ் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கதவிலும் பழுப்புப் புள்ளி வரும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளீச்சிங் கலந்த திரவம், கம்பி நார் இரண்டும் அந்தக் கதவுப் பக்கமே போகக் கூடாது.

இவ்வளவும் செய்யத் தயார் என்றால் பில்ட்-இன் வாங்குங்கள், நன்றாகவே இருக்கும். வாங்குமுன் சென்னையில் அந்தக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, அலமாரியிலிருந்து மெஷினை வெளியே எடுக்க யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

*

மகன் டல்லாஸிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வருகிறான். அங்கே ஆசையாக வாங்கிய பெரிய ஃப்ரிட்ஜையும் கன்டெய்னரில் கொண்டு வருகிறானாம். டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடும் என்கிறான். சரிதானா? – வாசகர், காரைக்குடி

விற்றுவிட்டு வரச் சொல்லுங்கள் ஐயா. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட், அந்த வித்தியாசத்தை அது சரிசெய்யும். ஆனால் அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை, இங்கே 50. அதை டிரான்ஸ்பார்மர் தொடாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50இல் ஓடும்போது வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டாரின் கம்பிச் சுருள் அதிகம் சூடாகும். கொஞ்ச நாள் ஓடும், அதை நம்பி ஏமாறுவார்கள். ஒரு சித்திரை மாதத்தில் நின்றுவிடும், பார்ட் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். டிரான்ஸ்பார்மரும் இரவு பகலாகச் சூடாகிக் கரண்ட் தின்னும்.

சவூதியிலிருந்து வருகிறவர்களும் கவனிக்க வேண்டும், அங்கேயும் 60 ஹெர்ட்ஸ். துபாய், சிங்கப்பூர், இங்கிலாந்து என்றால் நம்மைப் போல 50தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்க கேஸ் அடுப்பையும் ஏற்றிவிடப் போகிறார், சொல்லிவிடுங்கள்: அங்கே பல வீடுகளில் குழாய் வழி இயற்கை எரிவாயு, அடுப்பு ஜெட் அதற்கேற்ற அளவு. நம் சிலிண்டர் கேஸுக்கு அந்த ஜெட்டை மாற்றாமல் பற்றவைப்பது ஆபத்து.

*

புது ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் கேஸ் தீப்பிடிக்கும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். உண்மையா? – வாசகி, பொள்ளாச்சி

தீப்பிடிக்கும் வகைதான், ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய அளவில் இல்லை சகோதரி. இப்போது பெரும்பாலும் வருவது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். நம் சமையல் கேஸின் நெருங்கிய உறவு. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்குள். கம்ப்ரசர் பக்கத்து ஸ்டிக்கரில் உங்கள் மெஷினின் அளவு கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும். நான் தொழில் கற்றபோது இருந்த ஆர்-12 தீப்பிடிக்காது, ஆனால் ஓசோன் படலத்தை ஓட்டை போட்டது. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை உலகமே கைவிட்டது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கியது. ஆர்-600ஏ இரண்டிலும் நல்ல பிள்ளை.

ஆபத்து எங்கே என்றால், பழுது பார்க்கும் நேரத்தில். கேஸை முழுதாக வெளியேற்றாமல் குழாயில் பற்றவைக்கும் நெருப்பைக் காட்டுகிற மெக்கானிக்கை உள்ளே விடாதீர்கள். கேஸ் நிரப்பும்போது எடைத் தராசு வைத்து கிராம் கணக்கில்தான் நிரப்ப வேண்டும். 60 கிராம் போக வேண்டிய இடத்தில் கையால் தொட்டுப் பார்த்து அளக்க முடியாது. வருகிறவர் பையில் வேக்யூம் பம்ப்பும் தராசும் இல்லை என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

*

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் வரும் மாடல் வாங்கினோம். எங்களுடையது மேல்மாடி ஃபிளாட். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, ஐஸ் அரைகுறையாக விழுகிறது. – வாசகர், திருநெல்வேலி

தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, அதுதான் குறை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டி மூன்று மீட்டர் மேலே என்றால் 0.3 பார். குழாய் இணைப்பு உள்ள ஐஸ் மேக்கர்கள் பல 1.4 பாருக்குக் குறையாமல் கேட்கும். ஆர்.ஓ. வழியாக வந்தால் அழுத்தம் இன்னும் விழும். ஒரு சிறு பிரஷர் பூஸ்டர் பம்ப் போட்டால் சரியாகும். பம்ப் போட இஷ்டமில்லாதவர்கள், உள்ளே கையால் தண்ணீர் நிரப்பும் டேங்க் மாடலை எடுங்கள். அந்த டேங்கை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், குழாய் இணைப்பு மாடலில் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டும் முடியாது என்றால் மண்பானைத் தண்ணீரே நல்லது என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

*

டிஷ்வாஷர் வாங்கலாமா? எங்களுக்கு போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. கடாயில் பிடித்த மசாலா எல்லாம் போகுமா? – வாசகி, ஈரோடு

மசாலா போகும். முக்கால் மணி நேரக் கழுவலை எதிர்பார்க்காதீர்கள். 70 டிகிரி சூட்டில் நீண்ட நேரம் கழுவும் புரோகிராமில் போடுங்கள், துணுக்குகளை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடுக்குங்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இரவில் ஒரு மணி நேரம் மிச்சம் என்றால் அது பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இந்த மெஷினைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன்.

உங்கள் சவால் தண்ணீர்தான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் கண்ணாடி டம்ளர் பளபளக்கும். அதே மாடல் போர் தண்ணீர் வீட்டில் வெள்ளைப் படலம் படிய வைக்கும். மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அது களைத்துப் போகும்போது மீண்டும் தயார் செய்வதற்குத்தான் உப்பு. டிஷ்வாஷர் உப்பு என்றே கேட்டு வாங்குங்கள். சமையலுக்கான அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம், அதில் சேர்க்கும் பொருட்களும் தூளும் ரெசினை அடைக்கும்.

வாங்குமுன் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள். ஆர்.ஓ. விற்பவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது, அது கரைந்த எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் ஸ்ட்ரிப் கிடைக்கிறது, லேபிலும் கொடுக்கலாம். லேப் அறிக்கை பி.பி.எம். கணக்கில் இருக்கும், பல மெஷின்களின் மேனுவலில் ஜெர்மன் டிகிரி இருக்கும். 17.8ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். அந்த எண் மேனுவலில் உள்ள உச்ச வரம்பைத் தாண்டினால் வீட்டுக்கே ஒரு சாஃப்ட்னர் போடாமல் டிஷ்வாஷர் வாங்காதீர்கள். வரம்புக்குள் இருந்தால் அந்த எண்ணை மெஷினில் செட் பண்ண வேண்டும். ஃபாக்டரி செட்டிங்கிலேயே விட்டுவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் உள்ளே போகக் கூடாத பாத்திரங்கள். அலுமினியம் கறுத்துவிடும். எண்ணெய் ஊறிப் பழகிய இரும்புத் தோசைக்கல் ஒரே தடவையில் பழக்கத்தை இழந்து துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு பளபளப்பு போகும். கல்சட்டி, மர மத்து, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு மூன்றையும் கையால்தான் கழுவ வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்த்து வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது. ஈயச் சொம்பும் கல்சட்டியும் அங்கேயும் வெளியேதான். அதனால் ஒரு பர்னராவது கேஸில் வைத்துக்கொள்ளுங்கள். சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், எந்த அடுப்பிலும் சொம்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்பது உங்களுக்குப் பாட்டி சொல்லியிருப்பார்.

*

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா? – வாசகர், திருச்சி

பாதி நம்பலாம். பழைய கம்ப்ரசர் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓடுவதை விடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். குறைந்த வோல்டேஜில் கிளம்ப முடியாமல் திணறும். இன்வெர்ட்டர் மெதுவாகக் கிளம்பும், வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால் குறைந்த வோல்டேஜ் அதற்குப் பெரிய தொல்லை இல்லை. எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை தாங்கும் என்று மேனுவலில் இருக்கும்.

தொல்லை அதிக வோல்டேஜில். தெருவிலோ வீட்டு போர்டிலோ நியூட்ரல் கட் ஆனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். அப்போது போகிறது கம்ப்ரசர் அல்ல, அதை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு. பெரிய மாடல்களில் அந்த போர்டின் விலை கையைச் சுடும். எனவே மூன்று ஃபேஸ் உள்ள வீட்டிலும், அடிக்கடி கரண்ட் ஏறி இறங்கும் தெருவிலும், ஹை வோல்டேஜில் துண்டிக்கிற ஸ்டெபிலைசர் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லியும் போர்டைக் கொல்லும். வெதுவெதுப்பைத் தேடிப் பின்பக்கம் போய் போர்டில் ஷார்ட் ஆக்கும். பின்மூடி கழன்று தொங்கினால் உடனே மாட்டுங்கள்.

*

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? – வாசகி, சேலம்

நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அதை ஆறால் வகுத்தால் நம் இரண்டு மாத பில்லுக்கான கணக்கு. 600 என்று இருந்தால் 100 யூனிட். இப்போது உங்கள் பில் 430, 450 யூனிட்டில் நிற்கிறது என்றால் இந்த நூறு உங்களை 500க்கு மேலே தள்ளிவிடும். அங்கே ஸ்லாப் கணக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் கட்டணம் வரும். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெரிய மெஷினின் மூன்று நட்சத்திரமும் சின்ன மெஷினின் மூன்று நட்சத்திரமும் ஒரே யூனிட் இல்லை. லேபிள் எந்த ஆண்டுகளுக்கானது என்பதும் அதிலேயே இருக்கும், அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள்.

*

அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம். கஜா புயலின்போது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தோம். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் குளிர் அதிக நேரம் நிற்குமா? – வாசகர், வேதாரண்யம்

2018 நவம்பரில் உங்கள் பக்கம் பட்ட பாடு எனக்குத் தெரியும் தம்பி. பெரிய மெஷின் வாங்குவது அதற்குத் தீர்வாகாது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரீஸர் அல்லாத பகுதி நாலு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. நம் வெயிலில் இதையும் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரை அடைத்துவிடுங்கள். கரண்ட் போனால் இரண்டு பாட்டிலை எடுத்து ஃப்ரீஸர் அல்லாத பகுதியில் வையுங்கள்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போது சூடேறும் இடம் அதுதான். பின்பக்கக் காற்றுத் துளையை ஒட்டியும் வேண்டாம், அங்கே உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். நடுத்தட்டில் ஒரு டப்பாவில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டு வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் ஐஸ் பெட்டிக்குள் துணி சுற்றி, ஐஸை நேராகத் தொடாமல் வைக்கலாம். ஈரமான மண்பானையும் ஓரளவு உதவும், ஆனால் உங்கள் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், பானை உள்நாட்டில் போலக் குளிராது. திறந்த பேனாவை வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

*

நான் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் ஆசையாக ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காய்கறி டப்பாவில் தண்ணீர் நிற்கிறது, மாவு இரண்டு நாளில் புளிக்கிறது. பெரியதில் இப்படித்தான் இருக்குமா? – வாசகி, கும்பகோணம்

இருக்காதும்மா, சரி பண்ணிவிடலாம். உள்ளே பனி உருகும் தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியாகக் கீழே போக வேண்டும். அது அடைத்தால் காய்கறி டப்பாவில் இறங்கும். மெக்கானிக் வந்தால் சீக்கிரம் முடிகிற வேலை, நீங்கள் கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

மாவு விஷயத்துக்கு மூன்று இடம் பாருங்கள். தட்டுகளில் பிளாஸ்டிக் மேட் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், சின்ன இடைவெளிகள் வழியாகத்தான் குளிர்காற்று இறங்குகிறது. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, முதலில் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துடைத்துப் பாருங்கள், பல நேரம் பிசுக்குதான் காரணம். மூன்றாவது, டிஸ்ப்ளேயில் 4 டிகிரி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விற்பனைக்காரர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே ஓடுகிற மெஷின்கள் நிறைய. அரைத்த மாவைப் பொங்கவிடாமல், அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே வைத்து, மீதியை உடனே உள்ளே வையுங்கள்.

பூவைத் தனி டப்பாவில் மூடி வையுங்கள். வாழைப்பழம் உள்ளே வேண்டாம், 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும். ஃப்ரீஸர் பக்கத்தைச் சாதாரண ஃப்ரிட்ஜாக மாற்றும் வசதி, அல்லது ஒரு பக்கத்தை மட்டும் அணைக்கும் வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இருந்தால் தேவையில்லாத பாதியை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

*

கம்ப்ரசருக்கு 10 வருஷம் வாரண்டி என்று வாங்கினேன். நாலாவது வருஷம் கூலிங் போனது. கேஸ், லேபர், போக்குவரத்து என்று பெரிய பில் நீட்டிவிட்டார்கள். என்ன செய்வது? – வாசகர், ஓசூர்

பத்து வருஷம் என்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற அந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான். கேஸ், ஆள் கூலி, வண்டி எல்லாம் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். வாரண்டி அட்டையில் சின்ன எழுத்தில் அப்படி இருந்தால் பில்லை முழுதாக மறுப்பது கடினம். ஆனால் பழுது உண்மையிலேயே எது என்று எழுத்தில் கேளுங்கள். குழாய் ஓட்டைக்குக் கம்ப்ரசரையும் மாற்றுவது, போர்டு பழுதுக்குக் கேஸ் நிரப்புவது இரண்டும் நடக்கிறது. கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

விற்கும்போது சொன்னது ஒன்று, அட்டையில் இருப்பது வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இதற்கெல்லாம் பில் வேண்டும். கடையில் தரும் வழவழப்புத் தாள் பில்லின் எழுத்து ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதையும், வாரண்டி அட்டையையும், மெஷினுக்குள் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.